சீன வைத்தியத்தில் குறை: அறிதலும் நிரப்புதலும்

உடம்பு நோயுறுவது, புகத்தகாத ஒன்று உள்ளே புகுந்துவிட்டதனாலா, இருக்கவேண்டிய ஒன்று உள்ளே குன்றிப்போனதனாலா என்னும் கேள்வியைச் சீன நாட்டு வைத்தியர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒவ்வொரு நோயாளியின் முன்னிலையிலும் எழுப்பி வந்திருக்கிறார்கள். முன்னதை மிகை என்றும் பின்னதைக் குறை என்றும் பகுத்து, மிகையை வெளியேற்றவேண்டும், குறையை நிரப்பவேண்டும் என்று விதித்தது அவர்களுடைய ஆதி கிரந்தமாகிய ‘ஹுவாங்தி நெய்ஜிங்’. மஞ்சள் பேரரசரும் அவருடைய அமைச்சர் ச்சீபோவும் உரையாடுவதுபோல் அமைந்துள்ள அந்நூல் கிறிஸ்துவுக்கு முந்திய இரண்டு நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்டதென்பது அறிஞர் பலரின் துணிபு. விதி எளிது; அதனைக் கண்முன் அமர்ந்திருக்கும் ஒரு மனிதரிடத்தில் பொருத்திக் காண்பதுதான் அரிது. ஜின்செங் வேரின் பெயராலும் கழுதைத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையின் பெயராலும் உலகம் அறிந்திருக்கும் இந்த வைத்திய மரபின் மெய்யான பெருமையைச் சத்து மருந்துகளில் தேடுவதைக் காட்டிலும், குறை எது, அது எங்கே உள்ளது, உண்மையிலேயே அது குறைதானா என்று அம்மரபினர் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்த விசாரணையில் தேடுவதே முறை என்பது என் கருத்து. அந்த விசாரணையின் போக்கையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இங்கே குறை என்பது, நவீன வைத்தியர் கூறும் இரும்புச்சத்துக் குறைவோ அயோடின் குறைவோ போல ஒரு பொருளின் அளவைச் சோதனைச்சாலையில் அளந்து சொல்லும் செய்தியன்று. உடம்பின் தொழில்கள் எவ்வளவு வலுவோடு நடைபெறுகின்றன என்பதை வெளியே தோன்றும் குறிகளால் அனுமானித்து, அவ்வனுமானத்தை நான்கு தலைப்புகளில் அடக்குவது அவர்களது முறை. ‘ச்சி’ என்று அவர்கள் வழங்குவதும் பிராணசக்தி என்று நாம் ஏறத்தாழ உணரக்கூடியதுமாகிய இயக்க ஆற்றல் ஒன்று. அதனால் செலுத்தப்பட்டு அங்கமெங்கும் ஊட்டம் தரும் இரத்தம் ஒன்று. குளிர்ச்சி, ஈரம், அமைதி ஆகியவற்றின் இருப்பாகிய யின் ஒன்று. வெப்பத்துக்கும் இயக்கத்துக்கும் ஊற்றாகிய யாங் ஒன்று. இந்நான்கில் எது குன்றினாலும் மனிதர் சொல்லும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: உடம்பில் தெம்பில்லை என்பார். அந்த ஒரே முறையீட்டிலிருந்து நான்கு வேறு நிலைகளைப் பிரித்தெடுப்பதில்தான் வைத்தியரின் வேலை தொடங்குகிறது.

பிராணசக்தி குன்றியவருக்குச் சிறிது உழைத்தாலே களைப்பு மேலிடும். குரல் தாழ்ந்து, பேசவே மனமின்றி இருப்பார். உழைப்பில்லாத வேளையிலும் பகலில் வியர்வை கசியும். நாக்கு வெளிறித் தடித்து, ஓரங்களில் பற்களின் தடம் பதிந்திருக்கும். இரத்தம் குன்றியவருக்கு முகமும் உதடும் நகமும் வெளிறும், எழுந்து நின்றால் கண் இருளும், நெஞ்சு படபடக்கும், உறக்கம் பிடிக்காது, கைகால் மரத்துப்போகும், பெண்களாயின் மாதவிலக்கு அளவில் சுருங்கும். யாங் குன்றியவருக்குக் கைகால் சில்லிட்டிருக்கும், போர்த்தினாலும் குளிர் விடாது, வெந்நீரையே நாடுவார், சிறுநீர் தெளிந்து மிகுதியாகப் போகும், பொழுது புலருமுன் பேதியாகும். யின் குன்றியவரின் நிலையோ இதற்கு நேர்மாறாகத் தோன்றும்: பிற்பகலில் கன்னம் சிவக்கும், உள்ளங்கை இரண்டு, உள்ளங்கால் இரண்டு, மார்பு என்னும் ஐந்திடங்களிலும் காந்தல் எடுக்கும், உறங்கும்போது வியர்த்து, விழித்தால் நிற்கும், தொண்டை வறளும், நாக்கு சிவந்து, அதன் மேற்படலம் தேய்ந்து காணப்படும், நாடி நூல்போல் மெலிந்து விரைந்து ஓடும்.

கடைசியாகச் சொன்ன நிலையைச் சற்று நின்று நோக்கவேண்டும். காந்தல் என்றவுடன் குளிர்ச்சியும் கசப்புமான மருந்துகளைக் கொடுத்துத் தணிக்க முயல்வது எவருக்கும் தோன்றும் வழி. ஆனால் அந்த நெருப்பு ஓங்கி எரிவதற்குக் காரணம் நெருப்பு மிகுந்ததன்று, அதனை அடக்கி நிற்கவேண்டிய நீர் வற்றியதே என்று கி.பி. 762இல் ‘நெய்ஜிங்’குக்கு உரை கண்ட வாங் பிங் விளக்கினார். அவ்வாறே, யாங் குன்றியவரிடம் காணும் குளிர்ச்சிக்கும் குளிரை விரட்டுவது மருந்தாகாது. அணைந்துவரும் கனலுக்கு எண்ணெய் வார்க்கவேண்டும். வெளியே தெரிவதைக் கண்டு எதிர்ப்பதை விட்டு, உள்ளே இல்லாததை எண்ணிப் பார்க்கவேண்டும் என்னும் இந்த நோக்கு பின்வந்த வைத்தியர் அனைவருக்கும் மூலதனமாயிற்று.

நான்கு பொருள்களோடு அவை குன்றும் இடமும் சேர்ந்தே பேசப்படும். மண்ணீரல் என்று அவர்கள் சொல்லும்போது உடற்கூறு நூல் காட்டும் அவ்வுறுப்பை நினைத்துக்கொண்டால் பொருள் விளங்காது. உண்ட உணவைப் பக்குவப்படுத்திப் பிராணசக்தியாகவும் இரத்தமாகவும் மாற்றும் தொழில் முழுவதுக்கும் அது ஒரு குறியீடு. பிறந்த பின் நாம் சம்பாதிக்கும் பலம் அதிலிருந்து வருகிறது. சிறுநீரகமோ பெற்றோரிடமிருந்து பெற்று வந்த முதலாகிய ஜீவசாரத்தைச் சேமித்து வைப்பது. எலும்பும் பல்லும் செவியும் தலைமயிரும் சந்தான பாக்கியமும் அதனைப் பொறுத்தவை. பெண்ணின் வாழ்வு ஏழேழு ஆண்டுகளாகவும் ஆணின் வாழ்வு எட்டெட்டு ஆண்டுகளாகவும் நடைபெறுகிறது என்று ‘நெய்ஜிங்’கின் முதற் பகுதியிலேயே ஒரு கணக்கு இடம்பெற்றுள்ளது. பெண் 7 வயதில் பல் விழுந்து முளைத்து, 14இல் பூப்பெய்தி, 35இல் முகப்பொலிவு குன்றத் தொடங்கி, 49இல் மாதவிலக்கு நிற்கப்பெறுகிறாள்; ஆண் 16இல் பருவமெய்தி, 40இல் மயிர் உதிரத் தொடங்கி, 64இல் பல்லும் மயிரும் இழக்கிறான். முதுமையை நோயென்று கருதாமலும், அதே சமயத்தில் வைத்தியத்துக்கு அப்பாற்பட்டதென்று கைவிடாமலும், ஒரு முதல் மெல்ல மெல்லச் செலவாகும் கிரமமாகக் கண்ட இக்கருத்திலிருந்தே சிறுநீரகத்தை நிரப்பும் மருந்து முறைகள் அத்தனையும் கிளைத்தன.

இனி, குறையை அறியும் முறை. பார்த்தல், கேட்டலும் முகர்தலும், வினவுதல், தொட்டறிதல் என்று நான்கு வழிகளை வைத்தியர் கையாளுகிறார். நோயாளி உள்ளே நுழையும்போதே நடையும் முகநிறமும் கண்ணின் ஒளியும் கவனிக்கப்பட்டுவிடுகின்றன. நாக்கை நீட்டச் சொல்லி அதன் உடலையும் மேற்படலத்தையும் தனித்தனியே பார்ப்பார். உடலின் நிறம் உள்ளிருக்கும் பலத்தையும், படலத்தின் தடிமன் தேங்கிநிற்கும் அழுக்கையும் உணர்த்தும். பிறகு சிறு மெத்தையொன்றின்மேல் மணிக்கட்டைக் கிடத்தி, மூன்று விரல்களை வரிசையாக வைத்து, முதலில் தொட்டும் தொடாமலும், பின் நடுத்தரமாகவும், பின் எலும்பு தட்டும்வரையிலும் அழுத்திப் பார்ப்பார். இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கும், வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகத்தோடு சேர்ந்த ஜீவவாயில் ஆகியவற்றுக்கும் தனித்தனி இடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. மூன்றாம் நூற்றாண்டில் வாங் ஷூஹெ என்பவர் நாடியை மட்டுமே பொருளாகக் கொண்டு இயற்றிய நூல் இத்துறைக்கு அடிப்படை. மூன்று அழுத்தங்களிலும் வலுவற்றிருப்பது பொதுவான குறைநாடி. மிகுந்த இரத்தப்போக்குக்குப்பின், மேலே விரிந்தும் நடுவே வெறுமையாகவும் தட்டுப்படும் நாடிக்கு வெங்காயத்தாளின் பெயரையே இட்டிருக்கிறார்கள்.

வினாக்களின் நுட்பம் நாடியின் நுட்பத்துக்குச் சற்றும் தாழ்ந்ததன்று. வியர்ப்பது பகலிலா, உறக்கத்திலா? தாகம் எடுக்கிறதென்றால் குடிப்பது குளிர்ந்த நீரா, வெந்நீரா? நிறையக் குடிக்கத் தோன்றுகிறதா, வாயை நனைத்தால் போதுமா? வயிற்றில் வலி உண்டானால் கையால் அழுத்தும்போது இதமாக இருக்கிறதா, அழுத்தவே விடாமல் வலி மிகுகிறதா? அழுத்தினால் இதமென்பவருக்கு உள்ளே குறை. தொடவே அஞ்சுபவருக்கு உள்ளே ஏதோ தேங்கிநிற்கிறது. உழைத்த பின் நோய் மிகுகிறதா, ஓய்ந்திருக்கும்போது மிகுகிறதா என்பதும் அத்தகையதே. நாடி பார்த்து நோய் முழுவதையும் தாமே சொல்லிவிடுவதாகப் பெருமை பேசும் வைத்தியரை அம்மரபின் பெரியோர்கள் கண்டித்தே எழுதியிருக்கிறார்கள். அக்கண்டனம் மிகவும் நியாயமானது என்று சொல்லவேண்டும்.

இவ்வளவு குறிகளும் ஒன்றையே சுட்டினால் வைத்தியருக்குத் துன்பமில்லை. மிகவும் மெலிந்துபோன நிலையில் உடம்பு மிகையின் வேஷம் பூண்பதும், உள்ளே பெருந்தேக்கம் இருக்கும்போது மனிதர் ஒடுங்கிச் சோர்ந்து கிடப்பதும் உண்டு. யாங் அற்றுப்போகும் தறுவாயில் சிறிது கனல் மேலே மிதந்து வந்து கன்னத்தைச் சிவக்கச் செய்யும்; நோயாளி அனலாகக் கொதிக்கிறது என்பார்; நாடியும் பெரிதாகத் துடிக்கும். ஆனால் கன்னத்துச் சிவப்பு பரவாமல் திட்டாக நிற்கும், கால் சில்லிட்டிருக்கும், கேட்பது வெந்நீராக இருக்கும், அழுத்திப் பார்த்தால் நாடிக்கு அடியில் வேர் இராது. இதனை மிகையென்று மயங்கிப் பேதி மருந்து கொடுத்தால் உயிர் போய்விடும். இந்த மயக்கத்தின் விளைவை ஒரு நகரம் முழுவதிலும் கண்ணாரக் கண்ட ஒருவரின் வரலாறு, குறையைப் பற்றிய சீன வைத்திய சிந்தனையின் போக்கையே மாற்றியது.

லீ தோங்யுவான் என்று அறியப்படும் லீ காவ் (1180–1251) ஜின் வமிசத்தின் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்தவர். 1232இல் அவ்வமிசத்தின் தலைநகராகிய கைஃபெங்கை மங்கோலியப் படைகள் சூழ்ந்து முற்றுகையிட்டன. முற்றுகை தளர்ந்த பின்னர், உள்ளேயிருந்த மக்களில் நோயுறாதவர் மிகச் சிலர். நோயுற்றவர்களில் பிழைத்தவர் அதனினும் சிலர். நகரத்தின் 12 வாயில்களிலும் நாள்தோறும் ஒவ்வொன்றின் வழியாகவும் குறைந்தது 1,000, மிகுந்தால் 2,000 பிணங்கள் வெளியே கொண்டுசெல்லப்பட்டன என்றும், ஏறத்தாழ மூன்று மாதங்கள் இவ்வாறே கழிந்தன என்றும் லீ காவ் 1247இல் முடித்த நூலில் எழுதிவைத்திருக்கிறார். எண்கள் துல்லியமானவையோ அல்லவோ, அவர் எழுப்பிய கேள்வி மறுக்கமுடியாதது: இத்தனை ஆயிரம் பேரும் ஒரே காலத்தில் வெளிக்குளிரால் தாக்குண்டு காய்ச்சல் கண்டவர்களா? மாதக்கணக்கில் பசித்தும், அஞ்சியும், உறக்கமின்றி உழைத்தும் வயிற்றின் பலம் அற்றுப்போயிருந்த மக்கள், முற்றுகை நீங்கியபோது வயிறார உண்டதையும் தாங்கமாட்டாமல் காய்ச்சலில் விழுந்தார்கள். வைத்தியர்களோ காய்ச்சலைக் கண்டவுடன், பண்டைய வைத்தியர் ஜாங் ஜுங்ஜிங்கின் குளிர்நோய் முறைகளைப் பின்பற்றுவதாக எண்ணி, வியர்வை வரவழைக்கும் மருந்தையும் பேதி மருந்தையும் கொடுத்தார்கள். அக்காய்ச்சல்களில் தொற்றுநோயும் கலந்திருக்கக்கூடும் என்று இன்றைய ஆராய்ச்சியாளர் கருதுவதுண்டு. ஆயினும் மெலிந்த உடம்பில் பேதி மருந்து என்ன செய்யும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இதிலிருந்து லீ காவ் செய்த காரியமே மெச்சத்தக்கது. துயரத்தைப் பதிவு செய்ததோடு நில்லாமல், வெளியிலிருந்து வந்த காய்ச்சலையும் உள்ளிருந்த பலம் குன்றியதால் எழுந்த காய்ச்சலையும் கட்டிலருகிலேயே பிரித்தறியும் குறிகளை ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். வெளிக்குளிரால் வந்த காய்ச்சலில் புறங்கை சுடும், உள்ளங்கை சுடாது. உட்குறையால் வந்ததில் உள்ளங்கை சுடும், புறங்கை சுடாது. முன்னதில் தலைவலி இடைவிடாது நிற்கும். பின்னதில் விட்டுவிட்டு வரும். முன்னதில் பேச்சு உரத்து வரும். பின்னதில் சொல் தேய்ந்து, மூச்சு போதாமல் நின்றுநின்று வரும். ஒரு வைத்தியர் தம் இரு கைகளையும் செவியையும் தவிர வேறெந்தக் கருவியுமின்றிச் செய்யக்கூடிய சோதனைகள் இவை. உட்குறைக் காய்ச்சலுக்கு அவர் வகுத்த மருந்து, நடுவயிற்றை நிரப்பிப் பிராணசக்தியை உயர்த்தும் கஷாயம். அஸ்ட்ராகலஸ் வேரை முதன்மையாகக் கொண்டு, ஜின்செங், அதிமதுரம், உலர்ந்த ஆரஞ்சுத் தோல் முதலியவை சேர்ந்த அதில், கீழே சரிந்த சக்தியை மேலே தூக்குவதற்கென்று இரண்டு மூலிகைகளை மிகச் சிறிய அளவில் சேர்த்தார். காய்ச்சலுக்கு இனிப்பும் வெம்மையுமான மருந்து கொடுப்பதென்பது அக்காலத்தவருக்கு எவ்வளவு துணிவான செயலாகத் தோன்றியிருக்கும்!

குறையை நிரப்பும் யோகங்களின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், அவை வெறும் சத்துப்பொருள்களின் குவியல் அல்ல என்பது விளங்கும். ஸுங் வமிச அரசின் மருந்துச்சாலை வெளியிட்ட தொகுப்பில் காணும் ‘நான்கு கனவான்கள்’ கஷாயம் பிராணசக்திக்கு உரியது: ஜின்செங், வெள்ளை அட்ராக்டிலோடிஸ் கிழங்கு, பைன் வேரில் விளையும் போரியா என்னும் காளான், அதிமதுரம். அதற்கு இணையான ‘நான்கு பொருள்கள்’ கஷாயம் இரத்தத்துக்கு உரியது: பக்குவப்படுத்திய ரெமானியாக் கிழங்கு, வெள்ளைப் பியோனி வேர், தாங்குய் வேர், அவ்வினத்தையொத்த மணமுள்ள ச்சுவான்ஷியுங் வேர். இரண்டையும் கூட்டினால் ‘எட்டு ரத்தினங்கள்’. இரத்தத்தை நிரப்புவதற்கு லீ காவ் தந்த மற்றொரு கஷாயம் இன்னும் வியப்புக்குரியது. அதில் இரண்டே மருந்துகள். இரத்தத்துக்குரிய தாங்குய் 1 பங்கு, பிராணசக்திக்குரிய அஸ்ட்ராகலஸ் 5 பங்கு. உருவமுள்ள இரத்தம் விரைவில் ஊறாது. அதனை ஊறச் செய்யும் ஆற்றலை முதலில் நிறுத்திக் காக்கவேண்டும் என்பது அவ்வளவின் உட்பொருள்.

இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், குலத்தவர் 200 பேருக்கு மேற்பட்டிருந்தும் பத்தாண்டுகளுக்குள் அவர்களில் மூன்றில் இரு பங்கினரை நோய்க்குப் பறிகொடுத்து, அத்துயரத்தால் வைத்தியம் கற்றதாகத் தம் முன்னுரையில் கூறும் ஜாங் ஜுங்ஜிங், தேய்வு நோய்களுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தவர். இடுப்பு நோவுக்கும் சிறுநீர்க் கோளாறுக்கும் அவர் தந்த சிறுநீரக மாத்திரையில் ரெமானியா 8 பங்கு, சீன வள்ளிக்கிழங்கும் கார்னஸ் கனியும் நான்கு நான்கு பங்கு, நீர் பிரிக்கும் அலிஸ்மா கிழங்கும் போரியாவும் வெப்பம் தணிக்கும் பியோனி வேர்ப்பட்டையும் மும்மூன்று பங்கு. இவற்றோடு இலவங்க இனத்துக் கொம்பும் நாபிக்கிழங்கும் ஒவ்வொரு பங்கே சேரும். நிரப்புவன மூன்று, வடியச் செய்வன மூன்று. இடையே சிறுதுளி நெருப்பு. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுக்குப் பின் குழந்தை வைத்தியத்தில் பேர்பெற்ற ச்சியென் யீ, குழந்தைகளுக்கு இயல்பாகவே யாங் மிகுதியாதலால் அந்நெருப்பு வேண்டாமென்று கடைசி இரண்டையும் நீக்கினார். 1119இல் தொகுக்கப்பட்ட அவரது நூலில் உச்சிக்குழி மூடாத குழந்தைகளுக்காகக் கூறப்பட்ட அந்த ஆறுமருந்து மாத்திரையே, இன்று சீன மருந்துக்கடைகளில் பெரியவர்கள் யின் குறைக்காக வாங்கும் ‘லியூவெய் திஹுவாங்’. இரண்டு மருந்து நீங்கியதால் யாங்குக்குரிய மருந்து யின்னுக்குரியதாயிற்று.

இவற்றிலெல்லாம் முதன்மை பெறும் ரெமானியாக் கிழங்கைப் பக்குவம் செய்யும் விதத்தைச் சற்று அருகிலிருந்து காண்பது தகும். தோண்டி எடுத்து உலர்த்திய நிலையில் அது குளிர்ச்சியும் சிறு கசப்பும் உடையது. இரத்தத்தின் சூட்டைத் தணிப்பதற்கு வழங்குவது. அதனை அரிசி மதுவில் ஊறவைத்து, நீராவியில் வேகவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடியும் அதே மதுவில் நனைத்து வேகவைத்து, இவ்வாறு ஒன்பது முறை அவித்தும் உலர்த்தியும் எடுப்பது பழைய முறை. வெட்டிப் பார்த்தால் உள்ளும் புறமும் கறுத்து, பிசினாக ஒட்டி, வாயிலிட்டால் கசப்பு மறைந்து இனிக்கவேண்டும். அப்போதுதான் அது வெம்மையுற்று இரத்தத்தையும் சாரத்தையும் நிரப்பும் மருந்தாகும். அந்தப் பிசுபிசுப்பே அதன் தோஷமும் ஆகும். வயிறு மெலிந்தவருக்குக் கொடுத்தால் பசி மந்தித்து வயிறு உப்பும். ஆகையால் ஏலக்காய் இனத்தைச் சேர்ந்த மணமுள்ள ஒரு விதையை உடன்சேர்ப்பார்கள். நிரப்பும் மருந்தை ஏற்றுக்கொள்ளும் வலுவும் அற்ற குறை என்று ஒரு நிலையைச் சீன வைத்தியர் தனியே பேசுவதற்கு இத்தகைய அனுபவமே காரணம்.

எதை நிரப்புவது என்பதில் பெரியோர்களிடையே நிகழ்ந்த வாதங்கள் இம்மரபின் உயிரோட்டத்துக்குச் சான்று. பதினான்காம் நூற்றாண்டினரான ஜு தான்ஷி, மனிதரிடத்தில் யாங் எப்போதும் மிகுதி, யின் எப்போதும் பற்றாக்குறை என்றார். பருவமெய்தும் வயதிலிருந்து யின் வற்றும் வயது வரைக்கும் முன்சொன்ன ஏழு எட்டுக் கணக்கால் கூட்டிப் பார்த்து, யின் நிறைவோடு இருப்பது ஏறத்தாழ முப்பது ஆண்டுகளே என்றும், ஆசைகளோ ஆயுள் முழுவதும் அதனைச் செலவழிக்கின்றன என்றும் அவர் வாதித்தார். அரசாங்கத் தொகுப்பின் வெம்மையான மருந்துகளைக் கண்மூடி உட்கொள்வதைக் கண்டித்துத் தனிநூலே எழுதினார். இளமையில் அவரைப் பின்பற்றிப் பின்னர் மறுத்த ஜாங் ஜிங்யுவே (1563–1640), வானத்தில் சூரியன் ஒன்றே செல்வமாயிருப்பதுபோல் உடம்பில் யாங்கே பெருஞ்செல்வம், அதனை மிகுதியென்று சொல்வதெப்படி என்று கேட்டார். ஆனால் யாங்கை நிரப்ப அவர் வகுத்த மாத்திரையிலும் ரெமானியாவே அடித்தளம். யின்னின் நடுவிலிருந்து யாங்கைத் தேடவேண்டும் என்பது அவர் கொள்கை. அம்மருந்தை அவர் ஓயாது வழங்கியதால் மக்கள் அவர் பெயரோடு அதன் பெயரையே சேர்த்து அழைத்தார்கள்.

இவ்விருவரையும் விட நான் மதிப்பது, நிரப்புவதையே எதிர்த்த குரல்களை. லீ காவுக்கு ஒரு தலைமுறை முந்திய ஜாங் ட்ஸீஹெ, நோய் உடம்புக்குச் சொந்தமானதன்று, அதனை வியர்வையாலும் வாந்தியாலும் பேதியாலும் வெளியேற்றுக, பலத்தைச் சோறும் காயும் கனியும் இறைச்சியும் தரும் என்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஷ்யூ தாச்சுன் (1693–1771) ஜின்செங்கைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் வாசிக்கத்தக்கது. விலை உயர்ந்ததால் ஜின்செங் நல்லது என்று மக்கள் நம்புகிறார்கள். அதைக் கொடுத்தும் நோயாளி இறந்தால் விதியென்று சொல்லி வைத்தியர் பழியிலிருந்து நீங்குகிறார். பிள்ளைகளோ பெற்றோருக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டதாக மனம் ஆறுகிறார்கள். வெளியேறவேண்டிய நோய் உள்ளேயே அடைபட்டுப்போகிறது. குடும்பமும் கடனில் மூழ்குகிறது என்று அவர் காட்டுகிறார். குறையில்லாத இடத்தில் நிரப்புவது கொலைக்குச் சமமாகலாம் என்பதைச் சத்து மருந்துகளில் தோய்ந்த ஒரு சமூகத்தின் நடுவில் நின்று சொன்னவர் அவர்.

ஊசியும் சூடும் உணவும் மருந்துக்குத் துணை நிற்பவை. ஊசி பெரும்பாலும் தேங்கியதை நகர்த்தவல்லது. யின்னும் யாங்கும் ஒருங்கே குன்றிய உடம்பில் ஊசி குத்தாமல் இனிய மருந்துகளால் தேற்றுமாறு ‘நெய்ஜிங்’ எச்சரிக்கிறது. அத்தகையோருக்கு மாசிபத்திரி இனத்துத் தழையை உலர்த்தி இடித்துப் பஞ்சாக்கி, தொப்புளுக்குக் கீழும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்திலும் கனலச் செய்து சூடேற்றுவது வழக்கம். உணவைப் பொறுத்தவரை, ஏழாம் நூற்றாண்டினரான சுன் ஸீமியாவ், முதலில் உணவால் முயன்று, அது பயனற்றபோதே மருந்தை நாடவேண்டும் என்று வகுத்தார். பிரசவித்தவளின் வயிற்று வலிக்கு ஜாங் ஜுங்ஜிங் தந்த கஷாயத்தில் இருப்பவை ஆட்டிறைச்சி, இஞ்சி, தாங்குய் மூன்றே. இன்றும் சீனக் குடும்பங்களில் அது குளிர்காலச் சாறாகவே பரிமாறப்படுகிறது.

1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்து ஆகிய நான்கு நகரங்களில் அரசாங்கம் மரபு வைத்தியக் கல்லூரிகளைத் தொடங்கியபோது, பாடநூல்களின் தேவைக்காக இந்த வாதங்களெல்லாம் ஒழுங்கான அட்டவணைகளாயின. கற்பதற்கு அது உதவியது. ஆனால் ஜு தான்ஷிக்கும் ஜாங் ஜிங்யுவேக்கும் இடையிலிருந்த முரண் அட்டவணையின் இரு கட்டங்களாக அமைதியுற்றுவிட்டது. அதே காலத்தில் ஷாங்காயில் ஷென் ஸீயின் என்னும் வைத்தியர் வேறொரு வழியில் சென்றார். நோயின் பெயர் வெவ்வேறாயினும் சிறுநீரக யாங் குறை என்று ஒரே முடிவு பெற்றவர்களின் 24 மணி நேரச் சிறுநீரில், அட்ரினல் சுரப்பியின் தொழிலைக் காட்டும் 17-ஹைட்ராக்ஸிகார்ட்டிகோஸ்டீராய்டு குறைந்திருப்பதை அவர் கண்டார். அந்தக் குறி வேறு பல நிலைகளிலும் காணப்படலாமாதலால் அது முடிந்த சான்றாகாது. ஆயினும் பழைய கேள்வியைப் புதிய கருவியால் கேட்ட நேர்மை அதில் இருக்கிறது. 1982இல் வகுத்து 1986இல் திருத்திய அளவுகோல்கள் குறைகளின் குறிகளை நாடெங்கும் ஒருமைப்படுத்த முயன்றன. 2019இல் உலகச் சுகாதார மாநாடு ஏற்று 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டின் 26ஆம் அதிகாரத்தில் மண்ணீரல் சக்திக் குறைபோன்ற பெயர்கள் இடம்பெற்றுள்ளன. அவ்விடம் தந்தது கணக்கெடுப்பின் பொருட்டேயன்றி, அம்முறைகளின் உண்மைக்குச் சான்றளித்ததாகாது என்பதை மறத்தலாகாது.

இம்மரபை நேசிப்பவர் கூறவேண்டிய எச்சரிக்கைகள் சில உண்டு. ஒரே நோயாளியைப் பார்த்த வைத்தியர்கள் வெவ்வேறு முடிவுக்கு வருவது ஆய்வுகளில் அடிக்கடி வெளிப்பட்டிருக்கிறது. மருந்துகளைப் பற்றிய பரிசோதனைகள் எண்ணிக்கையில் மிகுந்தாலும் பெரும்பாலும் சிறியவை, முறையில் தளர்ந்தவை. தெம்பில்லை என்று வருபவருக்கு இரத்தசோகையோ, தைராய்டு குறைவோ, நீரிழிவோ, காசமோ, சிறுநீரக நோயோ, மனச்சோர்வோ இருக்கலாம்; அவற்றைச் சோதித்து நீக்காமல் யின், யாங் என்று பேசுவது, காய்ச்சல் கண்டவுடன் பேதி கொடுத்த கைஃபெங் வைத்தியரின் பிழையையே வேறு திசையில் செய்வதாகும். நாபிக்கிழங்கு நெடுநேரம் கொதிக்காவிட்டால் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. நரைக்கு மருந்தென்று பேர்பெற்ற ஹெஷோவூ கிழங்கு ஈரலைக் கெடுத்த நிகழ்ச்சிகள் பதிவாகி, 2014இல் சீன அரசே எச்சரித்தது. அதிமதுரம் மிகுந்தால் இரத்த அழுத்தம் ஏறும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உண்பவருக்கு ஜின்செங்கும் தாங்குய்யும் ஆபத்து விளைக்கக்கூடியவை. வாணிபத்தின் பசியோ மூலிகையோடு நிற்கவில்லை. ஷான்தோங் மாகாணத்து தோங்அ ஊரின் பெயரால் வழங்கும் கழுதைத்தோல் பசைக்காக ஆப்பிரிக்க நாடுகளில் ஏழைகளின் சுமைதாங்கியான கழுதைகள் கொள்ளைபோயின. தோலுக்காகக் கழுதைகளை அறுப்பதை 2024இல் ஆப்பிரிக்க ஒன்றியம் கண்டம் முழுவதும் தடுக்க நேர்ந்தது. எவருக்கு இரத்தக் குறை என்று ஒருவரும் கேளாமலே அப்பசையின் பெரும்பகுதி அழகுப்பொருளாகவும் அன்பளிப்பாகவும் விற்பனையாகிறது.

ஆனால் கேட்கும் வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஷாங்காயையும் அதனைச் சூழ்ந்த யாங்ட்ஸி ஆற்றுப் பகுதியையும் சேர்ந்தவர்கள், ஆண்டின் மிகக் குறுகிய பகலையடுத்து வரும் வாரங்களில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதி வாங்கிய இருபது முப்பது மூலிகைகளைக் காய்ச்சி வடித்து, பசையும் சர்க்கரையும் அரிசி மதுவும் சேர்த்துக் கிளறிய லேகியத்தைக் காலையும் மாலையும் ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்து உண்பார்கள். லேகியத்துக்கு எழுதித் தருமுன் நல்ல வைத்தியர் ‘வழி திறக்கும்’ கஷாயம் ஒன்றைச் சில வாரங்களுக்கு முன்னதாகவே கொடுத்தனுப்புகிறார். அது நிரப்பும் மருந்தன்று. தேங்கிய ஈரத்தை நீக்கிப் பசியைத் தூண்டும் எளிய கஷாயம். குடித்து முடித்துத் திரும்பி வருபவரின் நாக்கில் படலம் இன்னும் தடித்திருந்தால், வயிறு உப்புகிறது என்று அவர் சொன்னால், வைத்தியர் லேகியத்தைத் தள்ளிவைத்து அதே கஷாயத்தை மாற்றித் தருகிறார். லேகியம் உண்டுவரும் நாள்களில் ஜலதோஷமோ பேதியோ கண்டால் அன்றே நிறுத்திவிட்டு, அது தீர்ந்த பின்னரே மீண்டும் தொடங்கவேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறார்.